முடி வளரும் மாத்திரை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் வாலு எழுதுவது. நான் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? துறைமுகத்துத் தூசியில் இருமல் குறைந்ததா?

கல்யாணம் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்காதே. இந்த வீட்டில் யார் கூப்பிட்டாலும் என் மாமியார் ஸ்பீக்கரைப் போட்டு நடு மேஜையில் வைத்துவிடுவார். "எல்லாரும் சேந்து பேசுனா நல்லாத்தானே இருக்கு?" என்பார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் நான் உனக்குச் சொல்ல வேண்டியது ஸ்பீக்கரில் சொல்லக்கூடியது இல்லை. இங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் என் பழைய வேலையே கிடைத்துவிட்டது, லென்ஸைச் சட்டத்துக்குப் பொருந்துகிற மாதிரி மெஷினில் தேய்ப்பது. பதிலைக் கடை முகவரிக்குப் போடு.

அம்மா செய்ததைக் கேள். நான் கிளம்புவதற்கு முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு, என் மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி ஒரு குப்பியில் போட்டாள். நகம் பிய்ந்தது. நிறுத்தவில்லை. அது முடி வளர்வதற்கென்று விற்கிற சத்து மாத்திரைக் குப்பி. வெளியே ஒரு பெண்ணின் படம். இடுப்புக்குக் கீழே முடி தொங்க, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எவ கேட்டாலும் முடிக்குன்னு சொல்லு" என்றாள். டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிடச் சொன்னாரே என்றேன். "டாக்டரா வந்து உன்னக் கட்டிக்கப் போறாரு?" என்றாள்.

மாத்திரையை விடாமல் போட்டால் அது வராது. அதனால் பயம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரரைப் பற்றி என்ன சொல்ல? லிஃப்ட் ரிப்பேர் வேலை உனக்குத் தெரியும். நல்ல மனுஷன். எப்போதும் கம்பெனித் தொப்பி. நமக்கு வந்த போட்டோவில் புருவத்தைத் தொடுகிற முடி இருந்ததே? பார்க்க வந்த அன்றைக்கு, வேலையிலிருந்து நேரே வருகிறேன் என்று தொப்பியோடு உட்கார்ந்திருந்தாரே? இப்போதுதான் காரணம் தெரிந்தது. உச்சி முழுக்க வெட்டவெளி. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

இங்கே இருக்கிற மருந்துக் கடைக்காரர் அத்தைக்குச் சொந்தம். சீட்டைக் கொண்டுபோய் நீட்ட முடியாது. நீதான் வாங்கி அனுப்ப வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் வாலு

*

ஜனவரி 28

வாலு,

நலம். நீயும் நலம் என்று எழுதியிருக்கிறாய். இதற்குப் பெயர் நலமா?

கடிதம் முழுக்கத் தேடினேன். அது, அது, அது. வலிப்பு என்று எழுதினால் பேனா உடைந்துவிடுமா? சர்க்கரை வந்தவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். ரத்த அழுத்தம் வந்தவன் அதை ஏதோ பதவி உயர்வு மாதிரிப் பேசுகிறான். உனக்கு வந்தது மட்டும் திருடியதா? அம்மாவுக்குத்தான் புத்தி இல்லை. தலையாட்டிவிட்டுக் குப்பியைப் பெட்டியில் வைத்த உனக்கு எங்கே போயிற்று?

அதற்கு மேல் மெஷினில் வேலை வேறு. சுற்றுகிற கல்லின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு வலிப்பு உண்டு என்று பக்கத்தில் ஒருத்தருக்காவது தெரிய வேண்டாமா?

மாப்பிள்ளையிடம் சொல். அவர் தொப்பியைக் கழற்றிக் காட்டிய அன்றே நீயும் குப்பியைக் காட்டியிருக்கலாம். கணக்கு நேராகியிருக்கும்.

கடிதம் எழுதுவது எனக்கும் வசதிதான். எட்டுப் பேர் படுக்கிற அறையில் போனை எடுத்துக்கொண்டு எங்கே போவது? நாள் முழுக்க கிரேன் கூண்டில் தனியாக உட்கார்ந்து பழகிவிட்டது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மூன்று மாதத்துக்கான மாத்திரை இதோடு வருகிறது. ஒரு வேளைகூட விடாதே.

அண்ணன்

*

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் கோபத்தைப் படித்தேன். கிரேன் கூண்டில் உட்கார்ந்துகொண்டு யார் வேண்டுமானாலும் வீரம் பேசலாம். கீழே நிற்கிறவள் நான்.

அத்தை நல்லவர். அதுதான் கஷ்டமே. எனக்குப் பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சமைக்கிறார். போன வாரம் காய் நறுக்கிக்கொண்டே பக்கத்து வீட்டுக் கதை சொன்னார். அங்கே வாழ வந்த பெண் ஒரு நாள் தெருவில் மயங்கி விழுந்தாளாம். "வெயிலுன்னா. எவன் நம்புவான்? ரெண்டே நாள்ல பெட்டியோட அனுப்பிட்டாங்க. பாவம், நல்ல பொண்ணுதான்" என்றார். சொல்லிவிட்டு நறுக்கியதில் சொத்தையாக இருந்த துண்டை எடுத்துப் போட்டார். பாவமும் சொன்னார், துண்டையும் எடுத்துப் போட்டார். கை நிற்கவே இல்லை. இந்தச் சமையலறையில் நின்றுகொண்டு நான் என்னவென்று ஆரம்பிப்பது? நீயே எழுதி அனுப்பு, படிக்கிறேன்.

குப்பியையும் பார்த்துவிட்டார். "முடி நல்லாத்தானே இருக்கு? இன்னும் வளத்து என்ன, மாடிலருந்து கயிறா விடப் போற?" என்றார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. குப்பியைக் கையில் வாங்கிப் படத்தைப் பார்த்துவிட்டு வைத்தார். அத்தைக்கு ஏதாவது தெரிந்துவிட்டதோ என்று அன்று முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம். மாத்திரை தீரப்போகிறது. சீக்கிரம் அனுப்பு.

உன் இருமலுக்கு வெந்நீர் குடி.

வாலு

*

மார்ச் 8

வாலு,

நலம் விசாரிக்கிற நேரம் இல்லை. மூன்று மாதத்து மாத்திரை ஒரே மாதத்தில் எப்படித் தீரும்? போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொன்று விழுங்குகிறாயா? பயந்துகொண்டு இரட்டிப்பாகப் போடுகிறாயா? உண்மையைச் சொல்.

மருந்துக் கடையில் பழைய சீட்டுக்கு இத்தனை தரமாட்டேன் என்கிறான். டாக்டரிடம் போய்ப் புதிதாக எழுதி வாங்க வேண்டும். மேஸ்திரி லீவு தரமாட்டேன் என்கிறான். தங்கச்சிக்கு மருந்து என்றேன். "என்ன சீக்கு?" என்றான். அந்த இடத்தில், வாலு, எனக்கே வாய் வரவில்லை. தலைவலி என்றேன். "தலைவலிக்கெல்லாம் லீவா?" என்று போய்விட்டான். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். யார் மேல் ஆத்திரம் என்று கேட்காதே.

எப்படியாவது அனுப்புவேன். அதுவரை இருப்பதை வேளை தவறாமல் போடு.

அண்ணன்

*

மார்ச் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இரட்டிப்பாகப் போடவில்லை. போடவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் குப்பியைத் திறக்கும்போதெல்லாம் மட்டம் இறங்கியிருக்கிறது. எனக்கு மறதி வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. டாக்டரிடம் கேட்கலாம் என்றால் எந்த டாக்டரிடம், எந்தப் பெயர் சொல்லி?

பார்சல் வரும்வரை தாங்கட்டும் என்று பாதி பாதியாக உடைத்துப் போடுகிறேன். திட்டாதே.

வீட்டுக்காரருக்கும் உடம்பு சரியில்லை. எந்நேரமும் அசதி. சாப்பிடும்போதே கண் சொருகுகிறது. அத்தை என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். "புதுசுல அப்படித்தான். நீயும் கொஞ்சம் தூங்க விடும்மா" என்று நேற்று அடுப்படியில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மானம் போயிற்று. அந்த மனுஷன் எட்டு மணிக்கே குறட்டை விடுகிறார், அண்ணா.

மற்றபடி நலம்.

வாலு

*

ஏப்ரல் 14

வாலு,

பார்சல் மூன்றாம் தேதியே அனுப்பிவிட்டேன். கிடைத்ததா? ஒரு வரி எழுது.

அண்ணன்

*

மே 2

வாலு,

பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போன் போட்டேன். உன் மாமியார்தான் பேசினார். கையில் என்னவோ என்றார். இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார் போலிருக்கிறது. கை என்ன? யாருடைய கை?

எழுது. திட்டி எழுது. ஏதாவது எழுது.

அண்ணன்

*

மே 6

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

நீ போன் போட்டுக் கத்தினாயாம். சம்பந்தியம்மா வருத்தப்பட்டார். உன் தங்கைக்கு ஒன்றும் இல்லை. கடையில் கால் வழுக்கி மெஷின் மேல் விழுந்திருக்கிறாள். கையில் சின்னக் காயம். ஆறிவிடும். நீ அதைக் கிளறிக்கொண்டு, அது வந்ததா இது வந்ததா என்று அந்த வீட்டில் யாரிடமும் கேட்காதே. எவ்வளவு கஷ்டப்பட்டு அவளை ஒரு இடத்தில் சேர்த்தோம் என்று உனக்கே தெரியும்.

உனக்கும் ஒரு பெண் பார்த்திருக்கிறோம். நல்ல குடும்பம். ரத்தத்தில் ஏதாவது உண்டா என்று விசாரிக்கிறவர்கள். ஒன்றும் கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டார். கிரேன் ஓட்டுகிறான் என்று சொல்லாமல் துறைமுகத்தில் அதிகாரி என்று சொல்லியிருக்கிறோம். நீயும் அப்படியே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

*

மே 20

அண்ணனுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். உன் இரண்டு கடிதங்களையும் கடை முதலாளி டிராயரில் போட்டு மறந்துவிட்டார். பார்சலை மட்டும் வீட்டுக்கு வந்து என் கையில் கொடுத்தார்.

நான் வழுக்கவில்லை. பார்சல் வருவதற்கு நான்கு நாள் முன்னால் குப்பி காலியாகிவிட்டது. மெஷினில் லென்ஸை வைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது கூரையும் வாயில் ரத்தச் சுவையும். நாக்கைக் கடித்திருக்கிறேன். வலது ஆள்காட்டி விரலின் நுனி கல்லில் போய்விட்டது. முதலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லும்மா. கடைல வலிப்பு வந்துச்சுன்னா கஸ்டமர் வரமாட்டான். உனக்கும் அதானே நல்லது?" என்றார். எனக்கும் அதுதானே நல்லது! துணியைச் சுற்றிக்கொண்டு நன்றி என்று சொன்னேன். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பார்சல் வந்தது. குப்பியை நிரப்பினேன். நானும் தேறினேன். பத்து நாள்கூட ஆகியிருக்காது, வீட்டுக்காரர் மறுபடி தள்ளாட ஆரம்பித்தார். "எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. உங்க கடைல கண்ணக் காட்டலாமா?" என்றார். கூட்டிப் போனேன். கண் பரிசோதிக்கிறவர் ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னார், கடைசி வரிவரை படித்தார். மற்றதை மூடினாலும் அப்படியே. இரண்டையும் திறந்தால் எழுத்தெல்லாம் இரட்டை. "கண்ணுல ஒண்ணுமில்லியே, ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் வேகமாக இல்லை என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. முதல் முதலில் எனக்கு மாத்திரையின் அளவைக் கூட்டியபோது நானும் உன்னை இரண்டாகப் பார்த்தேனே, "ஒரு அண்ணனே தாங்கல"ன்னு சொன்னேனே, மறந்துவிட்டதா?

கடையின் பின்படிக்கட்டில் உட்காரவைத்தேன். "குப்பில இருந்து எடுக்குறீங்களா?" என்றேன். தொப்பியை முழங்காலில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார்.

"முடிக்குத்தானே அது?"

"எத்தன போடுறீங்க?"

"காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. சைட்ல எல்லாப் பயலும் மொட்டை மாடின்னு கூப்பிடுறான். மொட்டை மாடி, ஸ்பேனர் எடு. மொட்டை மாடி, டீ வாங்கு. போட்டோவப் பாத்துக் கட்டிக்கிட்டவ நீ. என்னிக்காவது கேப்பியோன்னு தினம் பயம்."

நான் கேட்கவே இல்லை, அண்ணா. ஒரு நாளும் கேட்டதில்லை.

போன திங்கட்கிழமை ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்றிருக்கிறார். கண்முன்னால் இரண்டு இரும்பு உத்தரம். கால் வைத்தது இல்லாத உத்தரத்தில். பெல்ட் இழுத்துப் பிடித்திருக்கிறது. அதை ஜோக் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கூந்தல்காரி பல்லைக் காட்டிக்கொண்டே ஒரு ஆளைக் கொன்றிருப்பாள்.

சொல்லிவிட்டேன். அது இல்லை, வலிப்பு. வலிப்பு என்றே சொன்னேன். விரலையும் காட்டினேன்.

என் விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப, எனக்கு முடி வளராதா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். நான் பின்னால் போனேன். வீட்டுக்குப் போய் என்ன நடந்தது என்பதைக் கை வலி குறைந்ததும் எழுதுகிறேன்.

வாலு

*

ஜூன் 1

வாலு,

கடிதத்தை நாலு தரம் படித்தேன். கூண்டில் உட்கார்ந்து தனியாகக் கத்தினேன். அங்கே கத்தினால் யாருக்கும் கேட்காது, அது ஒரு வசதி.

ஒரு விரல் நுனி. ஒன்பது மாடி உயரத்தில் ஒரு மனுஷன். எதற்கு? நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதற்கு. அந்த நாலு பேர் யார் என்று ஒரு நாளாவது பார்த்துவிட வேண்டும். எங்கே குடியிருக்கிறார்கள், வாடகை யார் கொடுக்கிறார்கள், அவர்களுக்கு மூலம், மூட்டுவலி, முட்டாள்தனம் எதுவுமே வராதா?

அம்மாவுக்கு எழுதிவிட்டேன். அந்தப் பெண் வீட்டாரிடம் நான் கிரேன்காரன், என் தங்கைக்கு வலிப்பு உண்டு என்று சொல்லாவிட்டால் நான் வரமாட்டேன் என்று. பதில் இல்லை.

உன்னை அனுப்பிவிட்டார்களா? அனுப்பினால் அம்மா வீட்டுக்குப் போகாதே, இங்கே வா. துறைமுகத்துக்கு வெளியே ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு. போதும்.

அண்ணன்

*

ஜூன் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் அறை இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும்.

அன்றைக்கு அத்தை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. உடனே எங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். ஏமாற்றுக்காரக் குடும்பம், மகனைக் கொல்லப் பார்த்தீர்கள், பெட்டியைக் கட்டு. நான் கட்டத் தொடங்கினேன். நிஜமாகவே கட்டினேன். வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி மேஜையில் எறிந்தார்.

"நீ அனுப்புன போட்டோ எந்த வருசத்து போட்டோம்மா?"

அத்தை ஜன்னல் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"சொல்லு. அவங்க ஏமாத்துனாங்க சரி. இது என்னது, என் தலைல இருக்கறது?"

அன்று யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனோம். டாக்டர் அவருக்கு எப்படி நிறுத்துவது என்று சொன்னார். இப்போது உத்தரங்கள் ஒவ்வொன்றுதான் தெரிகின்றனவாம். எனக்கும் அளவைச் சரிபார்த்துப் புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. சமையலறைக்குள் நுழைகிறேன். அத்தை தரையில் உட்கார்ந்து என் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் வேறு ஒரு குப்பி. எலும்புக்குச் சத்து என்று எழுதியிருக்கிறது. "முடின்னு இருந்தா இவன் தின்னுடுறான். இத எவனும் தொடமாட்டான். நீ இங்கயே இரும்மா, உன்ன அனுப்ப மாட்டேன். ஆனா வெளிய மூச்சு விடாத, என்ன?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நகம் பிய்ந்திருந்தது. அம்மாவின் அதே நகம், அதே கட்டைவிரல்.

அண்ணா, அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. குப்பியைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினேன். "ஒரு குப்பி ஒரு ஆளக் கொல்லப் பாத்துச்சு அத்தை. அடுத்தது யாரு? முட்டி வலின்னு நீங்க எடுத்துப் போடுவீங்க" என்று கத்தினேன். ஜன்னல் திறந்திருந்தது. நான் சாத்தவில்லை. மீதி அட்டைகளைச் சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். இன்னும் அங்கேயே இருக்கின்றன. அத்தை மேஜையைத் துடைக்கும்போது அவற்றைச் சுற்றித் துடைக்கிறார். என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதையையும் இப்போது சொல்வதில்லை.

கடையிலும் சொன்னேன். மெஷினை விட்டுக் கல்லாவில் உட்காரட்டுமா என்று கேட்டேன். "வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்றார் முதலாளி. வேலை போயிற்று. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீ எழுதியிருந்தால் பொய். வேறு வேலை தேடுகிறேன். சேரும் முன்பே சொல்லிவிடுகிறேன். இரண்டு இடத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வீட்டுக்காரர் இன்னும் தொப்பியோடுதான் வேலைக்குப் போகிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுகிறார். அட்டைக்குப் பக்கத்தில் வைக்கிறார்.

இப்போது உன் முறை. போனில் நீ கத்துவது கோபத்தினால் என்று அம்மா நினைக்கிறாள். அன்று நீ திரும்பத் திரும்ப "ஆங்? ஆங்?" என்றாயாம். இந்த வீட்டில் எறும்பு ஊர்ந்தாலும் கேட்கும், நீ இரைச்சல் என்று எழுதியிருக்கிறாய். கடிதம் எழுதுவது எனக்கும் வசதிதான் என்றாய். எந்தக் காது? எத்தனை நாளாக? கீழே நிற்கிறவன் நிறுத்து என்று கத்தினால் உனக்குக் கேட்குமா? உன் கிரேனுக்கு அடியில் நடக்கிறவர்களுக்கு அது தெரியுமா? எனக்கு அவ்வளவு எழுதினவன், முதலில் நீயாகவே டாக்டரிடம் காதைக் காட்டிவிட்டு எழுது. அதுவரை உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை, நம்பவும் போவதில்லை.

இனி பார்சல் தேவையில்லை என்று நினைத்தேன். அத்தையின் சொந்தக்காரர் கடையிலேயே சீட்டை நீட்டினேன். மருந்து இருந்தும் இல்லை என்றார். அதனால் கிடைக்கும்வரை நீயே அனுப்பு. கடைக்கு வேண்டாம், வீட்டு முகவரிக்கே போடு. உறையின் மேல் உள்ளே இருப்பது என்ன என்று எழுதுகிற இடத்தில் வலிப்பு மாத்திரை என்று எழுது. பெரிய எழுத்தில் எழுது. கொண்டு வருகிறவர் வாசலில் நின்று சத்தமாகப் படிக்கட்டும்.

உன் தங்கை